மகன் அனுப்பிய யுஎஸ்டிடி, முடங்கிப்போன ஏலக்காய்க் கணக்கு

கம்பம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 49 வயதுத் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. வண்டன்மேட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். காய் விற்ற பணம் குமுளியில் உள்ள ஒரு வங்கிக் கிளைக் கணக்கில் விழும். மகன் சார்ஜாவில் ஏசி மெக்கானிக். ஒன்றரை வருடமாக அவர் எக்ஸ்சேஞ்ச் கடை வழியாகப் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டு, அங்கேயே யுஎஸ்டிடி (டாலர் மதிப்போடு இணைத்த கிரிப்டோ நாணயம்) வாங்கி, அம்மா பெயரில் திறந்த கிரிப்டோ தளக் கணக்குக்கு அனுப்புகிறார். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் அதை பி-டு-பி முறையில், அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக, முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு விற்றுக் கொடுப்பார். ரூபாய் குமுளிக் கணக்குக்கு வரும். இப்படி 11 முறை நடந்திருக்கிறது. “பேங்குக்கும் தெரியாது, கவர்மெண்டுக்கும் தெரியாது, பெரியப்பா வீட்டுக்கும் தெரியாது” என்று மகன் சொல்லியிருக்கிறார். கணவரின் அண்ணன் குடும்பத்தோடு பங்கு வழக்கு நடக்கிறது. தன் வரவு அவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அம்மாவுக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது.

கடைசியாக விற்றது 1,000 யுஎஸ்டிடி. மற்றவர்கள் ஒன்றுக்கு 89, 90 ரூபாய் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் 92 தருவதாகச் சொல்லியிருக்கிறார். 92,000 ரூபாய் மூன்று வெவ்வேறு பெயர்களிலிருந்து, 40,000, 38,000, 14,000 என்று வந்தது. மூன்று வாரம் கழித்து கணக்கு முடங்கியது. வட மாநிலம் ஒன்றின் சைபர் காவல் நிலையத்தில் 38,000 ரூபாய் குறித்துப் புகார் இருப்பதாக வங்கியில் சொன்னார்கள். ஆனால் கணக்கில் இருந்த 4,61,000 ரூபாயையும் எடுக்க முடியவில்லை. அதில் பெரும்பகுதி காய் விற்ற பணம். காய் எடுப்பு நடக்கிறது, கூலி பட்டுவாடா நின்றுபோனது. “நேரில் வா” என்று ஒரு போன். 25,000 அனுப்பினால் திறந்துவிடுகிறோம் என்று இன்னொரு போன். ஊரில் ஒருவர் 20 சதவீதம் கேட்கிறார். பக்கத்து வீட்டுத் தம்பியோ செயலியையும் சாட்டையும் அழித்துவிடலாம் என்கிறார். “நான் தப்புப் பண்ணிட்டேனா? ஜெயிலுக்குப் போகணுமா?” என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் அந்தக் கேள்விக்கு முதலில் வருகிறேன். கிரிப்டோ வைத்திருப்பதும் விற்பதும் இந்தியாவில் குற்றமில்லை. வங்கிகள் கிரிப்டோ வியாபாரத்துக்குச் சேவை தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் போட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்துவிட்டது. 2022 முதல் வருமான வரிச் சட்டம் இதற்கு ‘மெய்நிகர் டிஜிட்டல் சொத்து’ என்று பெயர் வைத்து வரி வாங்குகிறது. கிரிப்டோ ஒருவருக்கு உரிமையான சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2025 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. ரூபாய் நோட்டைப் போல இதைக் கடையில் நீட்டி “வாங்கியே ஆகணும்” என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். ஆகவே யுஎஸ்டிடி வைத்திருந்ததற்காக உங்களை யாரும் கைது செய்ய முடியாது.

உங்கள் சிக்கல் அந்த நாணயத்துக்கு ஈடாக வந்த ரூபாயில் இருக்கிறது. நடந்திருக்கக்கூடியதைச் சொல்கிறேன். எங்கோ ஒருவரிடம் பகுதிநேர வேலை என்றோ, ஷேர் டிப்ஸ் என்றோ, ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்றோ மோசடிக்காரன் பேசி, 38,000 அனுப்பச் சொல்கிறான். அனுப்ப வேண்டிய கணக்கு என்று அவன் கொடுப்பது உங்கள் கணக்கு எண். அல்லது ஏமாந்தவரின் பணம் வேறொருவர் கணக்கில் விழுந்து அங்கிருந்து உங்களுக்கு வருகிறது. நீங்கள் பணம் வந்ததைப் பார்த்து யுஎஸ்டிடியை விடுவிக்கிறீர்கள். அவன் அதைச் சில நிமிடங்களில் வேறு முகவரிக்கு மாற்றிவிடுகிறான். ஏமாந்தவர் 1930 எண்ணுக்குப் போன் செய்தால், பணம் எந்த வங்கி, எந்தக் கணக்கு என்று படிப்படியாகத் தொடர்ந்து நிறுத்தி வைப்பதற்கு அரசிடம் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அந்தப் படிகளில் ஒன்றாக உங்கள் குமுளிக் கணக்கு நிற்கிறது. மோசடிக்காரன் கைக்கு ரூபாயே போகவில்லை. அதனால் ரூபாயைத் தேடி வருகிறவர்கள் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான்.

இதில் உங்கள் பக்கம் இரண்டு கவனப்பிழைகள் இருக்கின்றன. சொல்லாமல் விட்டால் நாளைக்கு விசாரணையில் அதே கேள்வி வரும்போது தடுமாறுவீர்கள். வாங்குகிறவரின் பெயர் தளத்தில் ஒன்றாகவும், பணம் அனுப்பியவர் பெயர் வங்கியில் வேறாகவும் இருந்தால் நாணயத்தை விடுவிக்கவே கூடாது. தளத்தில் முறையீடு போட்டுவிட்டு, பணத்தை வந்த கணக்குக்கே திருப்ப வேண்டும். உங்களுக்கு ஒரே விற்பனைக்கு மூன்று பெயர்களிலிருந்து வந்திருக்கிறது. அடுத்தது விலை. இந்தியாவில் யுஎஸ்டிடி டாலர் விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே போகும், அது சந்தை. ஆனால் எல்லோரும் 89, 90 சொல்லும்போது ஒருவர் மட்டும் 92 தந்தால், திருட்டுப் பணத்தை அவசரமாக மாற்றுகிறவராக அவர் இருக்கலாம். அந்தக் கூடுதல் இரண்டு ரூபாயை உங்கள் கணக்கின் மேல் ஏற்றிய அபாயத்துக்கு அவர் கொடுத்த கூலி என்று நினையுங்கள்.

சட்டத்தின் பார்வை இது: திருட்டுச் சொத்தை வாங்கியது குற்றமாக வேண்டுமானால், அது திருட்டுச் சொத்து என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்திருக்க வேண்டும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு இப்படித்தான் சொல்கிறது. விலைக்கு நாணயம் கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு ரெக்கார்டு இருக்கிறது, மகனின் சம்பளத்திலிருந்து வந்த நாணயம். இதுவரை நடந்ததற்கு இது நல்ல பதில். ஆனால் இந்த முடக்கத்துக்குப் பிறகு மறுபடியும் அதே மாதிரி விற்றால் “எனக்குத் தெரியாது” என்ற பதில் எடுபடாது. பி-டு-பி விற்பனையை இன்றோடு நிறுத்துங்கள். பன்னிரண்டாவது முறை வேண்டாம்.

எதையும் அழிக்காதீர்கள்

பக்கத்து வீட்டுத் தம்பி நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். அதைச் செய்தால் உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியத்தை நீங்களே கொளுத்திவிடுகிறீர்கள். சாட்சியத்தை மறைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-ஆம் பிரிவில் தனிக் குற்றமாகவும் ஆகலாம். தளத்தில் இருப்பதும் வங்கியில் இருப்பதும் எப்படியும் அழியாது. அழிவது உங்கள் பக்கத்து விளக்கம் மட்டும்தான்.

செயலியின் கடவுச்சொல்லை மட்டும் இன்றே மாற்றுங்கள். அந்தத் தம்பியின் போன் உங்கள் கணக்கில் உள்நுழைந்த கருவியாக இருந்தால் நீக்குங்கள். மின்னஞ்சல், இரண்டாம் படிச் சரிபார்ப்பு எல்லாம் உங்கள் எண்ணில் இருக்கட்டும். யுபிஐ பின் அவருக்குத் தெரிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். உங்கள் பெயரில் உள்ள கணக்கில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

25,000 கேட்கும் குரலுக்கும் 20 சதவீதம் கேட்கும் ஆளுக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முடக்கத்தை எடுக்கச் சொல்லும் அதிகாரம் அந்த விசாரணை அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும்தான் உண்டு. இரண்டு இடத்திலும் கூகுள்பேயில் கட்டணம் வாங்கும் வழக்கம் கிடையாது. முடங்கியவர்களின் பட்டியல் எப்படியோ வெளியில் போய், அவர்களையே இரண்டாம் முறை ஏமாற்றும் வேலை இது. அந்த எண்களையும் நேரத்தையும் குறித்து வைத்து, 1930-இல் தனிப் புகாராகக் கொடுங்கள்.

முடக்கத்தில் உங்கள் உரிமை

வங்கிக் கணக்கும் காவல்துறை கைப்பற்றக்கூடிய ‘சொத்து’தான் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. அந்த அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆகவே “என்னைக் கேட்காமல் எப்படி முடக்கலாம்” என்ற வாதம் நிற்காது. ஆனால் அதே பிரிவு, கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அப்படித் தெரிவித்தார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

அதைவிட உங்களுக்கு உடனே உதவக்கூடியது வேறொன்று. புகாரில் சொல்லப்பட்ட தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும், முழுக் கணக்கையும் பூட்டக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் இப்படிப்பட்ட வழக்குகளின் தொகுப்பில் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் இதே வழியில் போனது. அதாவது 38,000 ரூபாய்க்கு மட்டும் ‘லியன்’ (எடுக்க முடியாதபடி நிறுத்தி வைப்பது) போட்டுவிட்டு, மீதி 4,23,000 ரூபாயை உங்கள் கையில் விட வேண்டும். கூலி கொடுக்க உங்களுக்குத் தேவை அந்த மீதிதான். எனவே முதல் சண்டையை 38,000 ரூபாய்க்காகப் போடாதீர்கள். “பிரச்சினைக்குரிய தொகை அங்கேயே இருக்கட்டும், மற்றதைத் திறங்கள்” என்று கேளுங்கள். எதிர்த்தரப்பு மறுக்கக் காரணம் குறைவான கோரிக்கை இது, வேகமாக நடப்பதும் இதுதான்.

செய்ய வேண்டிய வரிசை

குமுளிக் கிளைக்கு நேரில் போய், எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாயால் கேட்டதற்கு வாயால்தான் பதில் வரும். நான்கு விவரம் கேட்க வேண்டும்: தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தின் ஒப்புகை எண், காவல் நிலையத்தின் பெயரும் விசாரணை அதிகாரியின் மின்னஞ்சலும், நிறுத்தி வைக்கச் சொன்ன தொகை, எந்தச் சட்டப் பிரிவில் கேட்டார்கள் என்பது. முடக்கச் சொன்ன கடிதத்தின் நகலும் கேளுங்கள். காவல்துறை 38,000 மட்டுமே குறிப்பிட்டிருந்து வங்கி தானாக முழுவதையும் பூட்டியிருந்தால், தவறு வங்கியுடையது. அப்போது வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதி, 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். காவல்துறையே முழுக் கணக்கையும் கேட்டிருந்தால் குறைதீர்ப்பாளரால் பயனில்லை, அங்கே நாளைக் கடத்தாதீர்கள்.

அடுத்தது விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சல். ஆங்கிலத்தில், ஒரே பக்கம், தேதி வாரியாக இருக்கட்டும். உங்கள் அழுகையை எழுத வேண்டாம், ஆவணத்தை எழுதுங்கள். இணைக்க வேண்டியவை இவை: அந்த விற்பனையின் ஆர்டர் எண், தேதி, நேரம், வாங்கியவரின் பெயர் தெரியும் பக்கம், அவரோடு நடந்த சாட்டின் முழு ஸ்கிரீன்ஷாட், மூன்று வரவுகளின் 12 இலக்க யூடிஆர் எண்களோடு (பணப் பரிமாற்ற அடையாள எண்) வங்கி ஸ்டேட்மெண்ட், மகனிடமிருந்து நாணயம் வந்ததற்கான பரிவர்த்தனை எண், மகன் அங்கே வாங்கிய ரசீது, அவருடைய சம்பளச் சீட்டு, விசா நகல், தாய்-மகன் உறவுக்குக் குடும்ப அட்டை. கடைசியாக, மற்ற பணம் காய் விற்றது என்பதற்கு ஏல நிறுவனத்தின் பில்கள். புத்தடியில் ஏலம் போயிருந்தாலும் போடியில் போயிருந்தாலும் அந்த பில்லில் எடை, விலை, தேதி எல்லாம் இருக்கும். அந்தத் தொகையும் வங்கி வரவும் பொருந்தினால், ஏலக்காய்ப் பணத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டிவிடலாம். பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால் ஸ்கிரீன்ஷாட்டுகளுக்கு சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டியிருக்கும். அதனால் அந்தப் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

உங்கள் மாவட்டத் தலைநகர் தேனியில் உள்ள சைபர் குற்றப் பிரிவிலும் ஒரு புகார் கொடுங்கள். வாங்கியவன் வேறு ஆட்களின் கணக்கிலிருந்து பணம் போட்டு உங்களையும் பயன்படுத்திக்கொண்டான் என்பதே அதன் சாரம். இதனால் கணக்கு உடனே திறக்காது. ஆனால் ஒளிந்து கொள்ளாமல் நீங்களே முன்வந்தீர்கள் என்பதற்குத் தேதியிட்ட அத்தாட்சி கிடைக்கும்.

அந்த 38,000 ரூபாயைப் புகார் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்து முடித்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனசு அப்படிக் கேட்பது புரிகிறது, ஏமாந்தவரும் ஒரு வீட்டுக்காரர்தான். ஆனால் போனில் கொடுத்த கணக்கு எண்ணுக்கு நீங்களாக அனுப்பாதீர்கள். அந்த எண் யாருடையதோ. திருப்பித் தருவதானால் விசாரணை அதிகாரிக்கு எழுதியோ நீதிமன்ற உத்தரவு மூலமோ மட்டும் தாருங்கள். இது குற்ற ஒப்புதல் அல்ல என்ற ஒரு வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

மின்னஞ்சல் போய், நினைவூட்டலும் போய், ஒரு மாதம் பதில் இல்லையென்றால் இரண்டு கதவுகள் இருக்கின்றன. அந்த வட மாநிலத்து மாஜிஸ்திரேட் முன் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவில் மனு போடலாம். அங்கே ஒரு வழக்கறிஞரை வைக்க வேண்டும், செலவும் அலைச்சலும் உண்டு. அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. இங்கேதான் எல்லைப்புறத்துக்காரர்களுக்கே உரிய குழப்பம் வருகிறது: வீடு தேனி மாவட்டம், கணக்கு இடுக்கி மாவட்டம், புகார் மூன்றாவது மாநிலம். வழக்குக் காரணத்தின் ஒரு பகுதி எங்கே எழுந்ததோ அந்த உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின் இரண்டாம் உட்பிரிவு. மதுரைக் கிளை உங்களுக்குப் பக்கம். ஆனால் பூட்டப்பட்ட கணக்கு குமுளியில் இருப்பதால் எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றத்தில் அதிகார வரம்பு பற்றிய ஆட்சேபம் எழுவது குறைவு. தொகையை மட்டும் நிறுத்தச் சொல்லும் தீர்ப்பும் அங்கே இருக்கிறது. கொஞ்சம் கூடுதல் பயணம் என்றாலும் நான் எர்ணாகுளத்தையே சொல்வேன்.

“நேரில் வா” என்ற போனுக்கு

எழுத்தில் நோட்டீஸ் இல்லாமல் எங்கும் போக வேண்டியதில்லை. நோட்டீஸ் வந்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் எந்தப் பிரிவு என்று பாருங்கள். சாட்சியாக விசாரிக்க 179-ஆம் பிரிவில் அழைத்தால், பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு இடத்துக்கு வரச் சொல்லக் கூடாது என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. 94-ஆம் பிரிவென்றால் ஆவணம் மட்டும் கேட்கிறார்கள், அனுப்பி வையுங்கள். 35-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு என்றால் சந்தேகத்துக்குரியவராகப் பார்க்கிறார்கள். அதை அலட்சியம் செய்தால் கைதுக்கு வழி வைத்ததாகும். அன்றே ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, குறித்த நாளுக்குள் பதில் கொடுங்கள். வீடியோ அழைப்பில் யாராவது காக்கிச் சட்டையோடு வந்து “லைனிலேயே இரு” என்றால் கட் செய்யுங்கள். சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது.

“யாருக்கும் தெரியாது” என்று மகன் நம்புவது

இந்த நம்பிக்கை உங்கள் மகனிடம் மட்டும் இல்லை, படித்தவர்களிடமும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்களுக்கு வந்த யுஎஸ்டிடி பெரும்பாலும் டிரான் என்ற கிரிப்டோ வலையமைப்பில் வந்திருக்கும். முகவரி ஆங்கில ‘டி’ எழுத்தில் தொடங்கி 34 எழுத்துகள் கொண்டிருந்தால் அதுதான். அந்த முகவரியை டிரான்ஸ்கேன் மாதிரியான இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும், கடவுச்சொல் எதுவும் இல்லாமல், போட்டுப் பார்க்கலாம். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எத்தனை நாணயம், எந்த நிமிடம் என்பது முழுக்க அங்கே இருக்கும். ஊர்ச் சாவடியில் ஒட்டிய பேரேடு மாதிரி, ஆனால் யாராலும் கிழிக்க முடியாத பேரேடு. அதில் இல்லாதது உங்கள் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயர் நீங்கள் ஆதாரும் பான் அட்டையும் கொடுத்துத் திறந்த தளத்தில் இருக்கிறது. ஒரே ஒரு பரிவர்த்தனையில் பெயரும் முகவரியும் பொருந்திவிட்டால் 11 விற்பனையும் அன்றைக்கே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

பிட்ஃபைனக்ஸ் என்ற தளத்திலிருந்து 2016-இல் 1,19,754 பிட்காயின் திருடு போனது. திருடியவர் அதை ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகளாகச் சிதறடித்தார். ஆனாலும் பேரேட்டைப் பின்தொடர்ந்து 2022 பிப்ரவரியில் அமெரிக்க அரசு சுமார் 94,000 பிட்காயினைக் கைப்பற்றியது. ஐந்தரை வருடம் கழித்தும் தடம் அப்படியே இருந்தது. யுஎஸ்டிடியில் இன்னொன்றும் உண்டு. அதை வெளியிடும் டெதர் நிறுவனம் நினைத்தால் ஒரு முகவரியில் உள்ள நாணயத்தை முடக்க முடியும், முடக்கியும் வருகிறது. இந்தியாவில் 2023 மார்ச் முதல் கிரிப்டோ தளங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. வாடிக்கையாளர் அடையாளத்தைச் சரிபார்ப்பதும், சந்தேகப் பரிவர்த்தனையை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குச் சொல்வதும் அவற்றின் கடமை.

உங்கள் வரவு உறவினருக்குத் தெரியக்கூடாது என்று நினைப்பதில் தவறே இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒரே குரலில் சொன்னார்கள். எல்லாப் பணமும் அரசின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா என்று கேட்டு, அதற்காகவே கிரிப்டோவை ஆதரிப்பவர்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அது மதிக்கத்தக்க வாதம். ஆனால் உங்களுக்குத் தேவை அவ்வளவு பெரிய மறைப்பு இல்லை, பெரியப்பா வீட்டுக்குத் தெரியாமல் இருந்தால் போதும். அதற்குச் சாதாரண வங்கிக் கணக்கே போதுமானது. நீதிமன்ற உத்தரவோ சட்டப்படியான கோரிக்கையோ இல்லாமல் உங்கள் கணக்கு விவரத்தை உறவினருக்குச் சொல்ல வங்கிக்கு உரிமை கிடையாது. மாறாக பி-டு-பியில் ஒவ்வொரு விற்பனையிலும் உங்கள் பெயரையும் கணக்கு எண்ணையும் முகம் தெரியாதவனிடம் கொடுத்தீர்கள். பக்கத்து வீட்டுக்கும் தெரிந்துபோயிற்று.

வரியும் அந்நியச் செலாவணியும்

ஏலத்தோட்ட வருமானம் விவசாய வருமானம் என்பதால் நீங்கள் இதுவரை ரிட்டர்ன் போட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கிரிப்டோ விற்பனைக்கு அந்தச் சலுகை கிடையாது. லாபத்தில் 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறெந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் நேர்செய்யவும் முடியாது. உங்கள் கடைசி விற்பனையையே கணக்குப் போடுவோம். மகன் 1,000 யுஎஸ்டிடியை 88,000 ரூபாய்க்குச் சமமான திர்ஹம் கொடுத்து வாங்கியிருந்தால் லாபம் 4,000. வரி 1,200, செஸ் 48, மொத்தம் 1,248 ரூபாய். விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் என்று 920 பிடித்திருந்தால் கட்ட வேண்டியது 328 மட்டும். பயப்படுகிற தொகை இல்லை. ஆனால் வாங்கிய ரசீது இல்லாவிட்டால் 92,000 முழுவதையும் லாபமாகக் கணக்கிட இடம் கொடுத்துவிடுவீர்கள். அதனால் 11 முறைக்கான ரசீதுகளையும் மகனிடம் கேட்டு வாங்குங்கள். மகன் தாய்க்குக் கொடுத்தது அன்பளிப்பு என்பதால் அதைப் பெற்றதற்கு வரி இல்லை. விற்ற லாபம் யார் பெயரில் வரும் என்பதை ஆடிட்டர் தீர்மானிக்கட்டும். ஐடிஆர்-2 படிவத்தில் இதற்கென்று தனி அட்டவணை இருக்கிறது.

அந்நியச் செலாவணிச் சட்டம் எனக்கு இதைவிடக் கவலை தருகிறது. வெளிநாட்டில் இருப்பவருக்காக இந்தியாவில் ஒருவர் பணம் பெறுவது அங்கீகரிக்கப்பட்ட வழியில்தான் நடக்க வேண்டும் என்கிறது 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. வெளிநாட்டிலிருந்து பணம் உள்ளே வராமல் இங்கேயே யாரோ ஒருவர் கொடுத்தால் அது அந்த விதிக்கு மாறானது. கிரிப்டோவை மனதில் வைத்து எழுதிய சட்டம் இல்லைதான். ஆனாலும் உங்கள் 11 வரவுகளும் அந்த வாசகத்துக்கு மிக அருகில் வருகின்றன. அபராதம் தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம். இதற்காக நீங்களாக ஓடிப்போய் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். வழக்கறிஞரிடம் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள், விசாரணை அதிகாரிக்குப் போகும் விளக்கத்தை அவர் இதை மனதில் வைத்துத் திருத்துவார்.

மகன் இனி எப்படி அனுப்பலாம்

அவர் பெயரில் என்ஆர்இ கணக்கு (வெளிநாடு வாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) ஒன்று திறக்கச் சொல்லுங்கள். அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்துப் போன் எண்ணை வைத்தே அதில் யுபிஐ பயன்படுத்த வசதி உண்டு. வீட்டுச் செலவுக்கு உங்கள் பெயரில் வேறு வங்கியில் தனிக் கணக்கு. தோட்டக் கணக்கையும் மகன் பணத்தையும் ஒரே இடத்தில் கலக்காதீர்கள். இந்த முறை ஏலக்காய்ப் பணம் மாட்டிக்கொண்டதே அந்தக் கலப்பினால்தான். ஒவ்வொரு முறையும் நான்காயிரம் குறைகிறதே என்று மகன் சொல்வார். இப்போது நின்றுபோன 4,61,000 ரூபாயை அதோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தளத்தில் மிச்சம் கிடக்கும் நாணயத்தை, உங்கள் கணக்குச் சிக்கல் தீரும் வரை அசைக்க வேண்டாம். தீர்ந்த பிறகு, நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெற்ற தளத்தில் சந்தை விலைக்கு விற்று, ரூபாயைத் தளத்திடமிருந்தே உங்கள் கணக்குக்கு எடுங்கள். டிடிஎஸ் போகும், விலையும் கொஞ்சம் குறையும். ஆனால் ரூபாய் வந்த இடம் சுத்தமாக இருக்கும். நாணயத்தை மாற்றும்போது பழைய பரிவர்த்தனையிலிருந்து முகவரியைக் காப்பி எடுக்காதீர்கள். முதல் நான்கும் கடைசி நான்கும் உங்களுடையதைப் போலவே இருக்கும் ஒரு போலி முகவரியிலிருந்து சில்லறைத் தொகை அனுப்பி, உங்கள் பட்டியலில் அதை நுழைத்து வைப்பது இப்போது பரவலான தந்திரம். நடு எழுத்துகளையும் சேர்த்துப் பாருங்கள். டிரானில் அனுப்ப வேண்டியதை வேறு வலையமைப்பில் அனுப்பினாலும் திரும்பக் கிடைப்பது அரிது.

இந்த வாரக் கூலிக்கு ஒரு வழி இருக்கிறது. வேறு வங்கியில் புதிய கணக்கு திறப்பதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. திறந்ததும் உங்கள் ஏல நிறுவனத்துக்கு எழுத்து மூலம் கணக்கு எண்ணை மாற்றிக் கொடுங்கள். பழைய கணக்கு ஏன் மாறுகிறது என்று கேட்டால் உண்மையையே சொல்லுங்கள். அடுத்த ஏலப் பணம் புதிய கணக்கில் விழும். வண்டன்மேட்டிலிருந்து இறங்குகிற ஜீப்பில் வரும் கூலிக்காரப் பெண்களுக்கு இந்த வாரம் பாதி, அடுத்த ஏலத்துக்கு மீதி என்று தேதி சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். வங்கிக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தைத் திங்கள்கிழமை கிளை திறந்ததும் கொடுத்துவிடுங்கள்.